தெரிந்த தளத்தைத் தேடுபொறி சரியாகக் காட்டுகிறதா? சேலத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

பட்டா நகல் எடுக்க, மின் கட்டணம் செலுத்த, பெரியார் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவைப் பார்க்க என்று தேடுபொறியைத் திறக்கும் ஒருவருக்கு, தாம் போய்ச் சேர வேண்டிய தளம் எது என்பது முன்பே தெரியும். அதன் முகவரி மட்டும்தான் நினைவில் இருப்பதில்லை. காப்பிச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் தேடுவதற்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. அல்டாவிஸ்டா தேடுபொறியில் பணியாற்றியவரான ஆண்ட்ரே பிராடர் 2002-இல் எழுதிய கட்டுரையில், இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: குறிப்பிட்ட ஒரு தளத்தை அடைவதற்கான தேடல், தகவல் அறிவதற்கான தேடல், ஒரு செயலைச் செய்து முடிப்பதற்கான தேடல். இந்தக் கட்டுரை அவற்றில் முதல் வகையைப் பற்றியது.

தகவலுக்கான தேடலில் எந்த விடை சிறந்தது என்பதில் இருவர் கருத்து வேறுபடலாம். தெரிந்த தளத்தைத் தேடும்போது அப்படி இல்லை. சரியான விடை ஒன்றே ஒன்று. அது முதலிடத்தில் வந்ததா, ஐந்தாவதாக வந்ததா, வரவே இல்லையா என்பதை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியும். ஆகவே ஒரு தேடுபொறியை நம்பலாமா என்று அறிய விரும்பும் புதியவர், தமக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகளைக் கொண்டு அதைச் சோதிப்பதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சோதனைக்குக் கணினிப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

பட்டியல் தயாரித்தல்

முதல் வேலை, முகவரி உறுதியாகத் தெரிந்த இருபது தளங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதுவது. இங்கே ஒரு கட்டுப்பாடு மிக முக்கியம்: அந்த முகவரிகளைத் தேடுபொறியிலிருந்து எடுக்கக் கூடாது. தேடுபொறி காட்டியதையே சரியான விடை என்று எழுதி வைத்துக்கொண்டு அதே தேடுபொறியைச் சோதித்தால் அது எப்போதும் தேர்ச்சி பெற்றுவிடும். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் அட்டை, கல்லூரியின் சேர்க்கைக் கையேடு, மின் கட்டண ரசீது, அரசு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை, நாளிதழில் வரும் அரசு விளம்பரம் ஆகியவற்றில் அச்சாகியிருக்கும் முகவரிகளைப் பாருங்கள்.

பட்டியலில் எல்லா அளவுத் தளங்களும் கலந்திருக்க வேண்டும். ரயில் பயணச்சீட்டுக்கான ஐஆர்சிடிசி, கடவுச்சீட்டுத் தளம், வருமான வரித் தளம் போன்ற பெரியவற்றை எந்தத் தேடுபொறியும் தவறவிடாது என்பதால் அவை நான்கைந்துக்கு மேல் வேண்டாம். அடுத்த நிலையில் சேலம் மாவட்ட நிர்வாகத்தின் தளம், சேலம் மாநகராட்சி, 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றைச் சேர்க்கலாம். அதற்கும் கீழே, தேடுபொறி உண்மையில் திணறக்கூடிய சிறிய தளங்கள் வர வேண்டும்: ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ், ஏற்காட்டில் இருக்கும் ஒரு பள்ளி, உங்களுக்குத் தெரிந்தவர் நடத்தும் சிறிய தங்கும் விடுதி, உங்கள் தெருவில் இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் தளம். சோதனையின் பயன் முழுவதும் இந்தக் கடைசி வரிசையில்தான் இருக்கிறது.

பெயரோ முகவரியோ மாறிய தளங்கள் இரண்டு மூன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டபோது மின் விநியோகம் டான்ஜெட்கோ என்ற நிறுவனத்திடம் வந்தது. 2024-இல் அதுவும் மாற்றியமைக்கப்பட்டு, விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பாயிற்று. மக்கள் வாயிலோ இன்னும் "ஈபி பில்" என்றுதான் இருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் தளம் 2021 ஜூனில் புதிய முகவரிக்கு மாறியது. காப்பி வாரியத்தின் தளம் முன்பு இந்தியாகாஃபி டாட் ஆர்க் என்ற முகவரியில் இருந்தது. இப்போது அரசுத் தளங்களுக்கான முடிவுடன் வேறு முகவரியில் இருக்கிறது. பழைய பெயரைக் கொடுத்தால் புதிய இடத்தைக் காட்டுகிறதா என்பது ஒரு தேடுபொறியின் தரத்தை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

தேடும் சொற்களை எழுதுதல்

ஒவ்வொரு தளத்துக்கும் எதிரே, அதை மக்கள் எப்படித் தட்டச்சு செய்வார்களோ அப்படியே மூன்று விதமாக எழுதுங்கள்: ஆங்கிலத்தில் புழங்கும் சுருக்கப் பெயர், தமிழ் எழுத்தில் பெயர், எழுத்துப் பிழையுடன் கூடிய வடிவம். முழு முகவரியையே தட்டச்சு செய்தால் அது சோதனை ஆகாது. கைப்பேசி உலாவியில் முகவரிப் பட்டையும் தேடல் பெட்டியும் ஒன்றாகவே இருப்பதால், டாட் காம் என்று முடியும் எதையும் எழுதினால் உலாவி தேடாமல் நேரே அந்தத் தளத்துக்குப் போய்விடும்.

தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபு ஏறாத வடிவத்தைப் பயன்படுத்துவது நல்லது. "சேலத்திலுள்ள பல்கலைக்கழகத்தின்" என்று எழுதுவதைவிட "சேலம் பெரியார் பல்கலைக்கழகம்" என்பது தளத்தின் தலைப்பில் இருக்கும் சொற்களோடு நேராகப் பொருந்தும்.

சோதனையை நடத்துதல்

உங்கள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் தேடினால், நீங்கள் முன்பு அடிக்கடி போன தளங்களைத் தேடுபொறி மேலே கொண்டுவரக்கூடும். அதனால் குரோம் உலாவியில் இன்காக்னிட்டோ என்று இருக்கும் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொண்டு தேடுங்கள். அப்போதும் நீங்கள் இருக்கும் ஊரைத் தேடுபொறி ஓரளவு ஊகிக்கும். அது தவிர்க்க முடியாதது, தவிர்க்க வேண்டியதும் அல்ல. ஒரே கருவியில், ஒரே இணைப்பில், ஒரே அமர்வில் எல்லாத் தேடுபொறிகளையும் சோதித்தால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

எந்தெந்தத் தேடுபொறிகள் என்பதிலும் கவனம் தேவை. கூகுளும் பிங்கும் தத்தமக்குச் சொந்தமான அட்டவணைகளை, அதாவது இணையப் பக்கங்களைப் படித்துச் சேர்த்து வைத்த தொகுப்புகளை, வைத்திருக்கின்றன. யாகூவின் முடிவுகளும் டக்டக்கோவின் வழக்கமான இணைப்புகளும் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருகின்றன. ஸ்டார்ட்பேஜ் கூகுளின் முடிவுகளைப் பெற்றுத் தருகிறது. பிரேவ் 2021-இல் தன் சொந்த அட்டவணையுடன் தேடல் சேவையைத் தொடங்கியது. ஆகவே பிங், யாகூ, டக்டக்கோ மூன்றும் ஒரே தளத்தைத் தவறவிட்டால், அதை மூன்று தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. கூகுள், பிங், பிரேவ் ஆகிய மூன்றைச் சோதிப்பதே புதியவருக்குப் போதுமானது.

மதிப்பெண் இடுதல்

சரியான தளம் எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதை எழுதி, ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் மதிப்பெண் கிடைக்கும். முதலிடம் என்றால் 1, இரண்டாமிடம் 0.5, ஐந்தாமிடம் 0.2, முதல் பத்துக்குள் வரவில்லை என்றால் 0. எல்லாத் தேடல்களின் மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுங்கள். எடுத்துக்காட்டாக, நான்கு தேடல்களில் சரியான தளங்கள் முறையே முதலிடம், இரண்டாமிடம், இல்லை, ஐந்தாமிடம் என வந்தால் கூட்டுத்தொகை 1.7, சராசரி 0.425. தேடல் முறைகளை ஒப்பிட்டுச் சோதிக்கும் டிரெக் ஆய்வு மாநாட்டில் 2001-இல் முகப்புப் பக்கங்களைக் கண்டுபிடிக்கும் திறனைச் சோதித்தபோதும் இந்த அளவுகோலே பயன்பட்டது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே பாதி மதிப்பு குறைகிறதே என்று தோன்றலாம். தெரிந்த தளத்தைத் தேடுபவர் பெரும்பாலும் மேலே இருப்பதை அழுத்திவிட்டுப் போகிறவர் என்பதால் அந்தக் கடுமை பொருத்தமானதே.

எதைச் சரியான விடையாக ஏற்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் முகப்புப் பக்கமோ, கேட்ட சேவைக்கான அதன் சொந்தப் பக்கமோ வந்தால் மட்டுமே மதிப்பெண் தர வேண்டும். விக்கிப்பீடியாக் கட்டுரை, செய்தி, முன்பதிவு நிறுவனத்தின் பக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இல்லை. "ஸ்பான்சர்டு" என்ற குறிப்புடன் மேலே வரும் விளம்பரங்களை இடக் கணக்கில் சேர்க்காமல், எத்தனை விளம்பரங்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். சரியான தளம் முதலிடத்திலேயே இருந்தும், அதற்கு மேலே மூன்று விளம்பரங்கள் திரையை நிறைத்திருந்தால், அது அனுபவமில்லாத ஒருவருக்கு முதலிடம் ஆகாது.

சேலம் என்ற பெயரால் வரும் சிக்கல்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஓர் இடர் இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னொரு சேலம் இருக்கிறது; 1692-இல் நடந்த சூனிய வழக்குகளால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும் என்பதால் அந்த ஊரைப் பற்றிய பக்கங்கள் இணையத்தில் ஏராளம். ஆங்கில எழுத்தில் மூன்று ஊர்களுக்கும் ஒரே ஐந்து எழுத்துகள். சேலம் சிட்டி, சேலம் ஹாஸ்பிடல், சேலம் பப்ளிக் லைப்ரரி என்று ஆங்கிலத்தில் எழுதினால் தேடுபொறி எந்த ஊரைக் காட்ட வேண்டும் என்பதை அது ஊகிக்கத்தான் வேண்டும்.

அஸ்தம்பட்டியில் அமர்ந்து கைப்பேசியில் தேடுபவருக்கு அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமையும், ஏனெனில் கருவியின் இருப்பிடம் அதற்குத் துணை செய்கிறது. அம்மாப்பேட்டையில் இருக்கும் பெற்றோரின் வீட்டு வரியைச் செலுத்துவதற்காக டெக்சாசில் இருந்து தேடும் மகனுக்கு அந்தத் துணை இல்லை. சிட்டி ஆஃப் சேலம் என்று அவர் தேடினால் ஆரிகன் நகர நிர்வாகத்தின் பக்கம்தான் முன்னே வந்து நிற்கும். இருப்பிடத்தை வேறு ஊராகக் காட்டக்கூடிய விபிஎன் இணைப்பு வழியாக இணையும் அலுவலகக் கணினியிலும் இதே நிலை வரலாம். தீர்வுகள் மூன்று. நிறுவனத்தின் முழுப் பெயரை எழுதுவது முதலாவது: அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி என்ற பெயர் உலகில் வேறெங்கும் இல்லை. சிட்டி என்பதற்குப் பதிலாகக் கார்ப்பரேஷன் என்றும், கூடவே தமிழ்நாடு என்றும் சேர்ப்பது இரண்டாவது. மூன்றாவது, ஊர்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்வது. அமெரிக்க ஊர்கள் ஒரே வீச்சில் விலகிவிடும் என்பதால் இது மிகவும் பயனுள்ளது. ஆனால் நம் நிறுவனங்கள் பலவற்றின் முகப்புப் பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், தமிழில் தேடும்போது தளத்துக்குப் பதிலாக நாளிதழ்ச் செய்திகள் மேலே வருவதும் உண்டு. இரண்டையும் கலந்து, ஊரைத் தமிழிலும் நிறுவனத்தின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள்.

மலை மேலே வேறு வகைச் சிக்கல்

ஏற்காடு என்ற பெயரில் வேறு ஊர் இல்லை. இருந்தும் சேர்வராயன் மலைப்பகுதியின் சிறு தளங்கள் தேடலில் எளிதில் கிடைப்பதில்லை. மலையின் பெயரை ஆங்கிலத்தில் ஷெவராய், ஷெவராய்ஸ், செர்வராயன் என்று பலவாறு எழுதுகிறார்கள். ஏற்காட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. நன்கு அறியப்பட்ட பெயருக்குத் தேடுபொறி பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். அதிகம் தேடப்படாத ஒரு காப்பித் தோட்ட விடுதியின் பெயருக்கு அந்தத் திருத்தம் நேராது. சில சமயம் சரியாக எழுதிய பெயரையே வேறொரு பிரபலமான பெயராக மாற்றிவிடும். அப்போது பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால், எழுதிய வடிவத்தையே அது தேடும்.

விடுதிகளைத் தேடும்போது இன்னொன்றும் நடக்கும். விடுதியின் பெயரைச் சரியாகக் கொடுத்தாலும் பெரிய முன்பதிவு நிறுவனங்களின் பக்கங்களே வரிசையாக முன்னே நிற்கும்; அவற்றுக்கு இணையமெங்கும் இணைப்புகள் இருக்கின்றன, உரிமையாளர் நடத்தும் நான்கு பக்கத் தளத்துக்கு இல்லை. வரைபடச் சேவையில் அந்த விடுதியின் குறிப்பைத் திறந்து, அதில் உள்ள "இணையதளம்" பொத்தானை அழுத்துவது பல நேரங்களில் குறுக்கு வழியாக அமையும். அந்தக் குறிப்பை வெளியாட்களும் திருத்தப் பரிந்துரைக்க முடியும் என்பதால், பணம் செலுத்துவதற்கு முன் அங்கிருக்கும் தொலைபேசி எண்ணை வேறொரு வழியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்புகளின் பங்கு

ஒரு பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டிலும், மற்ற தளங்கள் அதை என்ன பெயர் சொல்லிச் சுட்டுகின்றன என்பதே முகப்புப் பக்கத்தைக் கண்டுபிடிக்க மிகுதியும் உதவுகிறது. நிக் கிராஸ்வெல், டேவிட் ஹாக்கிங், ஸ்டீபன் ராபர்ட்சன் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. செர்கெய் பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் கூகுளின் அமைப்பை விவரித்த கட்டுரையிலும், இணைப்பின் மேல் எழுதப்பட்ட சொற்களை அது சுட்டும் பக்கத்தோடு சேர்த்து வைப்பது விளக்கப்பட்டிருக்கிறது. பழைய பெயரைச் சொல்லி மின் கட்டணத் தளத்தைத் தேடினாலும் கிடைப்பதற்குப் பெரும் காரணம் இதுவே: பெயர் மாறிய பிறகும் பழைய பெயரால் அதைச் சுட்டும் இணைப்புகள் எங்கும் கிடக்கின்றன. தொடங்கிச் சில வாரங்களே ஆன ஒரு தளம், பெயர் எவ்வளவு தனித்தன்மை உடையதாக இருந்தாலும், எவரும் சுட்டாததால் மதிப்பெண் பெறாமல் போவதும் இதனால்தான்.

ஆதார் எண்ணை எழுதுவதற்கு முன்

சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்ற தேடுபொறியும் சில நேரங்களில் போலித் தளத்தை மேலே காட்டும். கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கான போலித் தளங்கள் குறித்து வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. எனவே முகவரியைப் படிக்கும் முறையைப் பழகிக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், இதையே கற்றுக்கொள்ளுங்கள்.

முகவரிப் பட்டையில் இருப்பதை இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னிருந்து முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். பட்டா, சிட்டா பார்க்கும் தளத்தின் முகவரி இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். வலமிருந்து படித்தால் இன், அதற்கு முன் ஜிஓவி, அதற்கு முன் டிஎன். ஜிஓவி டாட் இன் என்ற முடிவை அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும் என்பதால் இது தமிழ்நாடு அரசுடையது. இப்போது இசர்வீசஸ் டிஎன் ஜிஓவி என்ற சொற்களைச் சிறுகோடுகளால் இணைத்து டாட் காம் என்று முடியும் ஒரு முகவரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாச் சொற்களும் அதில் இருக்கின்றன. ஆனால் முடிவு டாட் காம். அதை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். மாவட்ட நிர்வாகத்தின் சேலம் டாட் நிக் டாட் இன் முகவரியில் உள்ள நிக் டாட் இன் முடிவும் அரசுக்கே உரியது. கல்வி நிறுவனங்களுக்கு ஏசி டாட் இன். வங்கிகள் 2025 அக்டோபர் இறுதிக்குள் பேங்க் டாட் இன் என்ற தனி முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ஐஆர்சிடிசி அரசு நிறுவனம். ஆனால் அதன் முகவரி சிஓ டாட் இன் என்று முடிகிறது. தமிழ்நாட்டு மின் கட்டணத் தளமும் பல ஆண்டுகளாக டாட் ஆர்க் முடிவில் இயங்கி வந்திருக்கிறது. அத்தகைய தளங்களுக்கு அச்சில் இருக்கும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எச்டிடிபிஎஸ் என்ற தொடக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. நீங்கள் அனுப்புவதை இடையில் யாரும் படிக்க முடியாது என்பதற்கே அது உறுதி, மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கு அல்ல. தேடல் முடிவிலோ செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்க விடையிலோ காட்டப்படும் வாடிக்கையாளர் சேவை எண்ணை நேரே அழைக்காதீர்கள். நிறுவனத்தின் தளத்துக்குள் போய், அங்கிருக்கும் எண்ணை எடுங்கள்.

தளம் தெரிகிறது, உள்ளே இருப்பது கிடைக்கவில்லை என்றால்

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதி, பிறகு ஓர் இடைவெளி விட்டு வேண்டிய சொல்லை எழுதினால், அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும். பல்கலைக்கழகத் தளத்தில் பழைய பாடத்திட்டத்தையும், மாவட்டத் தளத்தில் ஓர் அறிவிப்பையும் தேட இது மிகவும் பயன்படும். சொல் எதையும் சேர்க்காமல் முகவரியை மட்டும் இப்படிக் கொடுத்துப் பார்த்தும் ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால், அந்தத் தேடுபொறியின் அட்டவணையில் அத்தளம் பெரும்பாலும் இல்லை என்று கொள்ளலாம். அப்போது குறை தேடுபொறியுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 1994 முதல் வழக்கில் உள்ள ரோபோட்ஸ் கோப்பின் மூலம், தன் பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று தளமே தேடுபொறிக்குச் சொல்லியிருக்கலாம்; அல்லது அறிவிப்புகளை எழுத்தாக இடாமல், கையொப்பமிட்ட தாளின் படமாக ஏற்றியிருக்கலாம்.

உங்கள் சிறு தொழிலின் தளமே இப்படிக் காணாமல் போயிருந்தால், தள உரிமையாளர்களுக்கான சேவைகளான கூகுளின் சர்ச் கன்சோலிலும் பிங்கின் வெப்மாஸ்டர் டூல்சிலும் கட்டணமின்றிப் பதிவு செய்து, அவை சுட்டும் குறைகளைச் சரி செய்யுங்கள். தளத்தின் தலைப்பில் தொழிலின் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். உங்கள் சங்கத்தின் தளமும் உங்களிடம் கொள்முதல் செய்பவர்களின் தளங்களும் உங்கள் பெயரைச் சொல்லி இணைப்புத் தருமாறு கேளுங்கள்.

சரிபார்த்து முடித்த முகவரிகளை உலாவியில் புக்மார்க் செய்து, வீட்டில் உள்ள பெரியவர்களின் கைப்பேசியிலும் முகப்புத் திரையில் வைத்துக் கொடுங்கள். நோட்டில் எழுதிய பட்டியலைத் தேதியிட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சொற்களை அதே மூன்று தேடுபொறிகளிலும் கொடுத்து மீண்டும் மதிப்பெண் இட்டு, எந்தத் தளத்தின் இடம் இறங்கியிருக்கிறது, எதன் முகவரி மாறியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.